வாசல் கேள்வி

தோணிக்காரர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்குப் போகவேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்தை ஒட்டின தெருக்களில், தோணிக்குப் புறப்பட்டு நிற்கிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எப்போது வருவாய் என்று கேட்பது அதைவிடப் பொல்லாதது. ஆள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்படியில் நின்று ‘வாரேன்’ என்பான். உள்ளே நிற்கிற பெண்டாட்டி ‘ம்’ என்பாள். அதோடு சரி. வாய் தவறி யாராவது கேட்டுவிட்டால் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். போகிறவன் சண்டைக்கு நிற்கமாட்டான். திரும்பி உள்ளே வந்து, பையை இறக்கி, உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பான். கேட்ட கேள்வி தண்ணீரோடு வயிற்றுக்குள் போய்விடும். பிறகு அப்போதுதான் புறப்படுகிற மாதிரி எழுந்து போவான்.

இதைப் பிள்ளைகளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது கிடையாது. சோற்றைப் பிசைந்து தின்பது போல அதுவாக வந்துவிடும். அதனால் ஙாவுக்கும் சொல்ல வேண்டும் என்று எமில்டாவுக்குத் தோன்றவேயில்லை.

ஙா வியட்நாம் நாட்டுப் பெண். பத்தொன்பது வயது. கடற்கரைக் கிராமம், வேதக்காரக் குடும்பம், அப்பாவுக்கு ஒரு சின்னப் படகு. அந்த ஊர்ச் சாமியாருக்கும் தூத்துக்குடியில் கல்லூரி நடத்துகிற கன்னியர்களுக்கும் ஏதோ தொடர்பு இருந்து, அங்கேயிருந்து சில பிள்ளைகள் ஒரு வருஷம் இங்கிலீஷ் படிக்க இங்கே வந்தார்கள். இங்கேயிருந்து சிலர் அங்கே போனார்கள். வந்த பிள்ளைகள் மடத்துக்குள்ளேயே அடைந்து கிடந்தால் பேச்சு வராது, இங்கிலீஷ் பேசுகிற வீடுகளில் விடலாம் என்று ஸிஸ்டர்மார் முடிவு செய்தார்கள். எமில்டாவின் மகள் ஜெமிமாவுக்கு அதே கல்லூரியில் கடைசி வருஷம். எங்கள் வீட்டில் இங்கிலீஷ்தான் என்று கையைத் தூக்கிவிட்டு வந்துவிட்டாள்.

எமில்டாவின் புருஷன் ரோச், பாயும் எஞ்சினும் உள்ள சரக்குத் தோணியில் தண்டல். கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ தோணிக்குத் தண்டல் அப்படி. வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல், ஜல்லி என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவில் மாலி துறைமுகத்துக்குப் போவான். வரும்போது மாசிக் கருவாடு கொண்டுவருவான். மகள் சொன்னதைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“ஏளா, இங்கிலீஷ் படிக்க லண்டனுக்குப் போவாம தூத்துக்குடிக்கா வருதாவ? நம்ம வீட்ல இங்கிலீஷ் தெரிஞ்சது அந்த ஃபிரிட்ஜ் ஒண்ணுதான். அதுவும் எழுதி ஒட்டுனது.”

சிரித்தானே தவிர மாடி அறைக்கு அவனே சுண்ணாம்பு அடித்தான். பெண் வந்து இறங்கியபோது பேரை வைத்து ஒரு கூத்து நடந்தது. கல்லூரியில் டீச்சர்மார் எல்லாரும் அந்தப் பேரை நிகா, நா என்று ஆளுக்கொரு விதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எமில்டா ஒருதரம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, ஙாதானே என்றாள். அந்தப் பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. அரிச்சுவடியில் வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்த எழுத்துக்கு அன்றைக்கு ஒரு வேலை கிடைத்தது என்றான் ரோச்.

ஜெமிமா ஒரு சட்டம் போட்டாள். ஙாவின் காதுபட யாரும் தமிழ் பேசக் கூடாது. அன்றோடு அந்த வீட்டில் பேச்சே நின்றுபோனது. எமில்டாவிடம் இருந்த இங்கிலீஷ் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. ஈட், குட், நோ பிராப்ளம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு வளர்ந்த பெண்ணோடு எப்படிக் காலம் தள்ளுவது? சாளை மீன் மலிந்த நாளில் எதிர்வீட்டோடு வாசலில் நின்று ஒரு மணி நேரம் பேசுகிறவள், மீன் விலையைக்கூட அடுப்படிக்குள் போய்க் குசுகுசுவென்று மகளிடம் சொல்லவேண்டியதாயிற்று.

ரோச்சுக்கு மட்டும் கவலையில்லை. அவனிடம் துறைமுக இங்கிலீஷ் இருந்தது. சோறு வைக்கும்போது “ஃபுல் அஹெட்” என்பான். அவள் கையைக் காட்டினால் “ஸ்டாப் எஞ்சின்” என்று சொல்லவைப்பான். ஒருநாள் மடத்து விருந்தில் மதர் இன்னொரு கரண்டி பாயசம் விடப்போக, ஙா ரொம்ப மரியாதையாக ஸ்டாப் எஞ்சின் மதர் என்று சொன்னாளாம். ஜெமிமா வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

எமில்டாவுக்கும் ஙாவுக்கும் ஒட்டு உண்டானது மாசியால்தான். சூரை மீனை அவித்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்து, விறகுக்கட்டை போல ஆக்கினால் அதற்குப் பேர் மாசி. தரையில் போட்டால் டங் என்று சத்தம் கேட்கும். ரோச் கொண்டுவருகிறதை எமில்டா உரலில் இடித்துப் பொடியாக்கித் தெருவில் வேண்டியவர்களுக்குக் கொடுப்பாள். சம்பலுக்கு வாங்குவார்கள். அந்த வாடை ஆகாது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்களும் உண்டு. ஙா மாடியிலிருந்து அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். உரலுக்குள் குனிந்து மூச்சை இழுத்தாள். “மை ஹவுஸ்” என்றாள். பிறகு உலக்கையை வாங்கிக்கொண்டாள். விருந்தாளியை வேலை வாங்கக் கூடாது என்று எமில்டா பிடுங்கப் பார்த்தாள், அவள் விடவில்லை. அப்புறம் இரண்டு உலக்கையாயிற்று. ஒருத்தி தூக்கும்போது ஒருத்தி போட, மாசி தூள் பறந்தது. அந்த வேலைக்கு எந்த பாஷையும் வேண்டியிருக்கவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் கழிந்த வாரம் தோணி புறப்பட்டது.

அந்த வாரம் ஙாவுக்குக் கல்லூரியில் கொடுத்திருந்த பாடம், கேள்வி கேட்பது. பார்க்கிற ஆளையெல்லாம் நிறுத்தி இங்கிலீஷில் கேள்வி கேட்டுப் பழக வேண்டும். அவளும் விடாமல் கேட்டாள். பால்காரரிடம் மாட்டுக்கு என்ன வயது என்று கேட்டாள். கீரைக்காரியிடம் வீடு எங்கே என்று கேட்டாள். தெருவே அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ரோச் பையைத் தோளில் மாட்டி வாசல்படியில் கால் வைத்த நேரத்தில் அவள் புத்தகப் பையோடு மாடிப்படியில் இறங்கி வந்தாள்.

“குட்மார்னிங் அங்கிள். வேர் ஆர் யூ கோயிங்? வென் வில் யூ கம் பேக்?”

ஜெமிமா குளித்துக்கொண்டிருந்தாள். எதிர்வாசலில் ரோச்சின் அக்காள் அற்புதமணி தன் மகன் இனிகோவை வழியனுப்ப நின்றாள். இனிகோவும் அதே தோணியில்தான் வேலை. அவள் பேச்சு அப்படியே நின்றது. எமில்டாவின் கை தானாகத் தண்ணீர்ப் பானைக்குப் போய்த் தம்ளரை முக்கியது.

ரோச் திரும்பிப் பார்த்தான். பெண்டாட்டி கையில் தம்ளரையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“போளா. இங்கிலீஷ்ல கேட்டா ஒட்டாது.”

பிறகு ஙாவைப் பார்த்து, பிள்ளைக்குப் பாடமாயிற்றே என்று நினைத்தானோ என்னவோ, நின்று பதில் சொன்னான். “மாலி கோயிங். சேவியர் ஃபீஸ்ட், ஐ கம்.” டிசம்பர் பிறந்ததும் வருகிற சவேரியார் திருநாளுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, உட்காராமல், தண்ணீர் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டான். எமில்டா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அதைத் திரும்பப் பானையில் ஊற்ற மனம் வரவில்லை. முருங்கை மூட்டில் கொட்டினாள்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் வாயால் ஒரு நாளைச் சொல்லி அவள் கேட்டதே கிடையாது. இதுவரை அவள் காத்திருந்த விதம் வேறு. தோணி போகும், வரும். மாலியில் சரக்கு இறக்கச் சீக்கிரம் இடம் கிடைத்தால் சீக்கிரம் வரும், கிடைக்காவிட்டால் கிடக்கும். வருகிற நாள்தான் வருகிற நாள். கேட்காதவரைக்கும் தாமதம் என்று ஒன்று கிடையாது பாருங்கள். இப்போது அவளுக்கு ஒரு நாள் கிடைத்துவிட்டது. கிடைத்த புதிதில் அது நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். திருநாளுக்கு இடியாப்பமும் பன்றிக்கறியும் என்று மனதுக்குள் ஓடியது. கறிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். ரோச்சின் நல்ல சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டாள். அவன் வந்தபிறகுதான் அரிசி ஊறப்போடுகிற வழக்கமுள்ளவள், திருநாளுக்கு முன்னாலேயே அரிசியை இடித்து மாவு வறுத்து டப்பாவில் அடைத்துவைத்தாள்.

மாலியிலிருந்து ரோச் போனில் பேசினான். சரக்கு இறக்கியாயிற்று, கயிற்றை அவிழ்க்கப்போகிறோம் என்றான். மாசி நல்லதாகக் கிடைத்திருக்கிறது என்று ஙாவிடம் சொல்லச் சொன்னான். அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை. நடுக்கடலில் எடுக்காதுதான், அது எப்போதும் உள்ளது.

இரண்டாம் நாள் தெற்கே வானம் ஈயப் பாத்திரம் போல ஆனது. துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றினார்கள். மீன்பிடிக்கப் போன படகெல்லாம் திரும்பி வந்து வரிசையாகக் கட்டிக்கிடந்தன. பிறகு மழை பிடித்தது. மழை என்றால் நின்று பெய்கிற மழை. உப்பளத்துப் பாத்திகள் கடலோடு சேர்ந்துபோயின. தெருவில் முழங்கால் தண்ணீர். மீன் இல்லை. கருவாடும் பருப்பும்தான் எல்லா வீட்டிலும். தோணி முதலாளி ஆபீசில் யாரிடம் கேட்டாலும் தகவல் இல்லை என்றார்கள். கடலோரக் காவல்படைக்குச் சொல்லியிருக்கிறோம் என்றார்கள்.

இதில் எதையும் ஙாவிடம் சொல்லவில்லை. விருந்துக்கு வந்த பிள்ளையிடம் வீட்டுச் சங்கடத்தைச் சொல்வது அழகில்லை என்று எமில்டா நினைத்தாள். வாட் ஹேப்பன் என்று அவள் கேட்டால் ஜெமிமா, நத்திங், ரெயின் என்பாள். எமில்டா, ஈட், நோ பிராப்ளம் என்பாள். அடுப்படிக்குள் போய் இரண்டு பேரும் மூச்சை விடுவார்கள். நாளாக ஆக அந்தப் பெண் சாப்பாட்டைக் குறைத்தாள். கேள்வி கேட்பதையும் குறைத்தாள்.

சவேரியார் திருநாள் வந்தது. மழை கொஞ்சம் விட்டிருந்தது. எமில்டா சொல்லிவைத்த கறியை வாங்கி வந்தாள். வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. சொன்னால் அவன் வரமாட்டான் என்று தானே சொன்ன மாதிரி ஆகிவிடும். மிளகும் பட்டையும் அரைத்துக் கறி வைத்தாள், இடியாப்பம் பிழிந்தாள். பூசைக்குப் போய்விட்டு வந்து நாலு தட்டு வைத்தாள். ஙா அவர்கள் ஊர் நீள அங்கியை உடுத்துக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, திருநாள் பெண்ணாக இறங்கி வந்தாள். நாலாவது தட்டைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, டுடே அங்கிள் கம்?”

“வாய மூடு.”

தமிழில் அவளைப் பார்த்து எமில்டா சொன்ன முதல் பேச்சு அது. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு அர்த்தம் சொல்ல யாரும் வேண்டியிருக்கவில்லை. ஙாவின் முகம் காய்ந்த மாவு மாதிரி ஆனது. திரும்பி மாடிக்குப் போய்விட்டாள். ஜெமிமா அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனாள்.

மாடியில் ஜெமிமா எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். தோணியைப் பற்றிச் சொன்னாள், மழையைச் சொன்னாள், வாசலில் கேட்கக் கூடாத கேள்வியைச் சொன்னாள், உட்கார்ந்து குடிக்க வேண்டிய தண்ணீரைச் சொன்னாள். நாங்கள் இதையெல்லாம் நம்புவதில்லை என்றும் கடைசியில் சேர்த்துக்கொண்டாள்.

கறியை எமில்டா ஒரு தூக்குச்சட்டியில் போட்டு அற்புதமணி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். மூடி திறக்காமல் அது திரும்பி வந்தது.

மறுநாள் காலையில் அற்புதமணியே வந்தாள். சேலை முழங்காலுக்கு நனைந்திருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“அன்னைக்கு அந்தப் புள்ள என்ன கேட்டுச்சு எமில்டா? உள்ளதச் சொல்லு.”

“எப்ப வருவியன்னு கேட்டுச்சு மைனி.”

“அவன் திரும்பி வந்து இருந்தானா?”

“இல்ல. இங்கிலீஷ்ல கேட்டா ஒட்டாதுன்னு சிரிச்சிக்கிட்டே போயிட்டாவ.”

“கடலுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு எவன் சொன்னான்? வெள்ளக்காரன் வந்ததே அது மேலதானளா.” அற்புதமணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். “எனக்கு ஒத்தப் பிள்ள. ஒனக்குப் புருஷன். நடுவுல இந்தப் புள்ள எதுக்கு? மடத்துல கொண்டு விட்டுட்டு வா. நான் வேற ஒண்ணும் சொல்லல.”

மழை விடட்டும் மைனி என்றாள் எமில்டா. அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். எமில்டாவுக்கும் உள்ளே அந்த நினைப்பு இல்லாமல் இல்லை. ராத்திரியெல்லாம் புரண்டு படுக்கும்போது அந்தப் பெண்ணின் குரல்தான் காதில் நின்றது. அவள் வராமலிருந்தால் அந்த நாள் வந்திருக்காது. அந்த நாள் இல்லாவிட்டால் இன்றைக்கு இது வெறும் மழை. பாவம், பச்சைப் பிள்ளை என்றும் தோன்றும். இரண்டும் மாறி மாறித் தோன்றும்.

அற்புதமணி பேசும்போது கை மாடியைக் காட்டிக்கொண்டேயிருந்தது. ஙாவுக்கு அவ்வளவு போதும். எதிர்வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் பெட்டி இறங்குகிற சத்தம் கேட்டது. வந்த அன்றைக்குக் கொண்டுவந்த அதே சிவப்புப் பெட்டி. படுக்கை விரிப்பை மடித்துப் படிமேல் வைத்திருந்தாள். ஜெமிமா கல்லூரிக்குப் போயிருந்தாள், வீட்டில் வேறு யாரும் இல்லை. ஙா எமில்டாவின் முன்னால் வந்து அவர்கள் ஊர் வழக்கத்தில் குனிந்து நிமிர்ந்தாள். தேங்க் யூ ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி என்றாள். வாசலை நோக்கி நடந்தாள்.

எமில்டா சும்மா நின்றால் போதும். போகட்டும் என்று அவள் சொல்லக்கூட வேண்டாம். மடம் இரண்டு தெரு தள்ளித்தான். அற்புதமணியிடமும் நாமாக அனுப்பவில்லை, அதுவாகப் போயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். ஙா படியில் கால் வைத்தாள். பெட்டியின் சக்கரம் நிலைப்படியில் தட்டி நின்றது. அதைத் தூக்கக் குனிந்தாள்.

“ஏளா ஙா. எங்க போற?”

கேட்டபிறகுதான் தான் கேட்டுவிட்டது எமில்டாவுக்கே தெரிந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, எதிர்வாசலுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று, “எப்ப வருவ?” என்றாள்.

ஙா குனிந்தபடி நின்றாள். தமிழ் அவளுக்கு அவ்வளவாக வராது. ஆனால் முந்தின நாள்தான் ஜெமிமா சொல்லியிருந்தாள், வாசலில் நிற்கிறவளைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று. அவள் பெட்டியை உள்ளே இழுத்தாள். சுவரோரம் நிறுத்தினாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். எமில்டா தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஙா ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். குடித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் அழுகை வந்தது. எமில்டா முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு, மாசி கொஞ்சம் கிடக்கிறது இடித்துவிடலாம் வா என்று தமிழிலேயே சொன்னாள். அந்த வீட்டில் ஜெமிமாவின் சட்டம் அதோடு முடிந்தது.

இடித்துக்கொண்டிருக்கும்போது ஙா தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். பாதி இங்கிலீஷ், பாதி கை. அவள் அப்பா கணவாய் பிடிக்க வெகுதூரம் போவார். புறப்படும்போது அவள் அம்மா கேட்பாளாம், ஒவ்வொரு தடவையும் கேட்பாளாம், எப்போது வருவாய் என்று. அப்பா ஒரு நாளைச் சொல்வார். அம்மா அதோடு இரண்டு நாளைச் சேர்த்துக்கொண்டுதான் காத்திருக்க ஆரம்பிப்பாளாம். அப்பா சொன்ன நாளில் வந்துவிட்டால், ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தாய், ஒன்றும் சமைக்கவில்லையே என்று ஏசுவாளாம். ஙா அம்மா மாதிரி இடுப்பில் கைவைத்து ஏசிக் காட்டினாள். எமில்டாவுக்கு அத்தனை நாள் கழித்துச் சிரிப்பு வந்தது.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் மலையாளத்தில் யாரோ பேசினார்கள். அப்புறம் ரோச்சின் குரல். தொண்டை கட்டியிருந்தது. கடலில் எஞ்சின் நின்றுபோனதாம். பாயை விரித்துக் காற்று போன போக்கில் வடக்கே போய், கொல்லத்துக்கு வெளியே மீன்பிடிக்க வந்த படகு பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்ததாம். எல்லாரும் சுகம், இனிகோவுக்குக் கையில் அடி, பெரிதாக ஒன்றுமில்லை. எமில்டா போனைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கி எதிர்வீட்டுக்கு ஓடினாள். மறுநாள் எங்கேயோ தேடிப் பிடித்த சாளையோடு அற்புதமணி வந்தாள். சட்டியை எமில்டாவிடம் கொடுக்காமல் நேரே ஙாவிடம் கொடுத்தாள். அதுக்குச் சாளை பிடிக்கும்லா என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

ரோச் பஸ்ஸில் வந்து இறங்கினான். மெலிந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. ஙாவைப் பார்த்ததும் “ஸ்டாப் எஞ்சின்” என்றான், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெமிமாவும் சிரித்தாள். சாப்பிட்டு எல்லாரும் எழுந்துபோன பிறகு அடுப்படியில் வந்து உட்கார்ந்தான். எமில்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“மாலியில மத்த தோணியெல்லாம் கட்டிக் கெடந்துச்சு,” என்றான். “காத்து சரியில்லன்னு எல்லாத் தண்டலும் சொன்னானுவ. எனக்கும் தெரியும். நாந்தான் அவுத்தேன். நாள் சொல்லிட்டு வந்துட்டமே, நீ தட்டு வச்சிருப்பியேன்னு.”

எமில்டா கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். ஆக, கேள்வி ஒட்டத்தான் செய்திருக்கிறது. அற்புதமணி சொன்ன மாதிரி கடலில் போய் ஒட்டவில்லை, இந்த மனுஷனின் நெஞ்சில் போய் ஒட்டியிருக்கிறது. நாள் கேட்காமலிருந்த பெண்களுக்கெல்லாம் இது தெரிந்துதான் இருந்ததோ என்னவோ. அவன் சொன்னதை அவள் அற்புதமணியிடம் சொல்லவில்லை. ஙாவிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு வாசலில் அந்தப் பிள்ளை திரும்பி உட்கார்ந்து குடித்த தண்ணீர் வீணாகக் கூடாது என்று நினைத்தாள்.

கிறிஸ்மஸ் வந்து போனது. தோணியை இழுத்து வந்து எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்தார்கள். தை பிறந்து, காற்று வாடையாக நின்ற ஒரு காலையில் திரும்பவும் புறப்பாடு. ஙா முன்னெச்சரிக்கையாக விடிந்ததிலிருந்தே பின்கட்டில் உரலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். வாயைக் கையால் மூடிக் காட்டினாள். எதிர்வாசலில் இனிகோ பையோடு நின்றான். அற்புதமணி எங்கேயும் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரோச் வாசல்படியில் நின்றான். “வாரேன்” என்றான்.

எமில்டா ‘ம்’ சொல்லவில்லை. அவள் கையில் தம்ளர் இருந்தது. அவன் புறப்படுவதற்கு முன்பே அதில் தண்ணீர் எடுத்துவைத்திருந்தாள்.

“எப்ப வருவிய?”

அற்புதமணி மெல்லத் தலையைத் திருப்பினாள். ரோச் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான், தம்ளரைப் பார்த்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. உள்ளே வந்தான். பையை இறக்கினான். தரையில் உட்கார்ந்து தண்ணீரை வாங்கிக் குடித்தான். நிதானமாகக் குடித்தான். அவன் குடிக்கிற நேரம் முழுக்க எமில்டா அவன் பக்கத்திலேயே நின்றாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குக் கேட்டு வாங்கின நேரம். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு அவன் பதில் சொன்னான்.

“சாம்பல் புதனுக்கு முந்தி வந்துருவேன். தபசு காலம் தொடங்கிட்டா கறி திங்க முடியாதுல்லா.”

எமில்டா காலித் தம்ளரை வாங்கிக்கொண்டாள்.

“காத்தப் பாத்து வாங்க. தபசு காலத்துல வந்தா என்ன, வீட்ல மீனு இருக்கும்.”